ஒஸ்லோவில் நுரைத்தது, கோண்டாவிலில் வற்றியது: வீட்டுச் சவரச் சவர்க்காரம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

கோண்டாவிலில் ஒரு வீட்டின் பின் குசினியில் முகச்சவரத்துக்கான சவர்க்காரம் செய்யப் போய், அது ஏன் சரிவரவில்லை என்று தேடி, கடைசியில் திருத்திக்கொண்ட விபரம் இது. செய்தவர் என் மச்சான். ஐம்பதைத் தாண்டியவர், எதையும் நிறுத்துப் பார்க்காமல் நம்பமாட்டார். நான் உயர்தர வகுப்புக்கு இரசாயனம் படிப்பிப்பவன். என் பங்கு கேள்வி கேட்டதும், சில சோதனைகளுக்குப் போத்தல் பிடித்ததும்தான். இந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் சவரச் சவர்க்காரம் செய்ய இறங்குகிறவர் முதலில் எட்டிப் பார்க்கவேண்டியது தன் வீட்டுக் கிணற்றை. எண்ணெய்க் கணக்கு அதற்குப் பிறகுதான்.

பின்னணி

டின்னில் வரும் நுரை மச்சானுக்கு ஒத்துவராது. வழித்து முடித்தால் கழுத்தடி சிவந்து எரியும். ஒஸ்லோவில் இருக்கும் அவருடைய தம்பி குளிர்காலத்தில் வீட்டுக்குள் அடைந்துகிடக்கும் நேரத்தில் சவர்க்காரம் காய்ச்சப் பழகியவர். வட்ஸ்அப்பில் அளவுக்குறிப்பு வந்தது, படம் வந்தது, நுரை பொங்கும் காணொளியும் வந்தது. இங்கே தேங்காய் எண்ணெய்க்கும் ஆமணக்கெண்ணெய்க்கும் குறைவில்லை, செய்துபார்த்தால் என்ன என்று மச்சான் இறங்கினார்.

குளிக்கும் சவர்க்காரத்தைக் கொண்டு தாடி வழிக்கலாம், ஆனால் நுரை நிற்காது. சவரத்துக்கு வேண்டியது பெரிய குமிழி இல்லை. நெருக்கமான, ஈரம் பிடித்துவைக்கும், ஐந்து பத்து நிமிடம் முகத்தில் அசையாமல் இருக்கும் நுரை வேண்டும். அதைத் தருவது நீண்ட சங்கிலிக் கொழுப்பமிலங்கள், குறிப்பாக ஸ்ரியறிக் அமிலம். ஆகவே சவரச் சவர்க்காரத்தில் கொழுப்பின் பாதியளவு ஸ்ரியறிக்காகவே போடுவார்கள். மெழுகுதிரி செய்பவர்கள் பாவிக்கும் அதே வெள்ளைச் செதில்தான். ஆனால் ஸ்ரியறிக்கை வெறும் கொஸ்ரிக் சோடாவோடு, அதாவது சோடியம் ஐதரொட்சைட்டோடு சேர்த்தால் கட்டி இறுகி, பிரஷில் ஏறவே ஏறாது. பொற்றாசியம் ஐதரொட்சைட்டோடு சேர்த்தால் மென்மையாய், தண்ணீரில் இலகுவாய்க் கரையும். இரண்டையும் கலந்து, பொற்றாசியம் கூடுதலாக வைப்பது வழக்கம். ஒஸ்லோக் குறிப்பிலும் மூல் கணக்கில், அதாவது நிறையால் அல்லாமல் மூலக்கூறுகளின் எண்ணிக்கையால், 60க்கு 40 என்றுதான் இருந்தது.

பொற்றாசியம் ஐதரொட்சைட்டு யாழ்ப்பாணத்துக் கடைகளில் கிடைக்கவில்லை. கொழும்பில் ஆய்வுகூடப் பொருள் விற்கும் கடையில் இருந்து எடுப்பித்தார். கொஸ்ரிக் சோடா வன்பொருள் கடையில் கிடைக்கும், ஆனால் அடைத்த குழாயைத் துப்புரவாக்க விற்கிற தூளைச் சவர்க்காரத்துக்கு எடுக்கக்கூடாது. சிலவற்றில் அலுமினியத் துருவல் கலந்திருக்கும். இதில் எனக்கொரு ஆதங்கம் உண்டு. ஆனையிறவு உப்பை மின்பகுத்துக் கொஸ்ரிக் சோடாவும் குளோரினும் எடுத்த தொழிற்சாலை ஒருகாலத்தில் பரந்தனில் இருந்தது. இன்று தூய காரம் அரைக் கிலோ வேண்டுமென்றாலும் கொழும்புப் பக்கம்தான் பார்க்கவேண்டியிருக்கிறது.

மாமிக்கு இந்த முயற்சியில் பெரிய மதிப்பில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் சவர்க்காரத்துக்கு அலைந்து குடும்பம் நடத்தியவர் அவர். "பனம்பழத்தில உடுப்புத் தோய்ச்ச ஆக்கள் நாங்கள். ஒரு தாடி வழிக்கிறதுக்கு இவ்வளவு ஆரவாரமோ?" என்றார். சொல்லிவிட்டு, தன் எவர்சில்வர்ப் பாத்திரம் ஒன்றைக் கழுவிக் கொடுத்தார்.

காய்ச்சிய நாள்

அந்த எவர்சில்வர்ப் பாத்திரம் சும்மா வந்ததல்ல. குசினியில் கைக்கு எட்டும் சட்டிகளில் பாதி அலுமினியம். அலுமினியத்தில் இந்தக் காரத்தை ஊற்றினால் சட்டி அரிபடும், ஐதரசன் வாயு கிளம்பும். கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை எல்லாம் போட்டு, சின்னப் பிள்ளைகளை முன் விறாந்தைக்கு அனுப்பிய பிறகுதான் பொதியை வெட்டினார். தண்ணீருக்குள் காரத்தைச் சிறிது சிறிதாகப் போடவேண்டும். மாறிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். மேலே பட்டால் வினாகிரி ஊற்று என்று சிலர் சொல்வதைக் கேட்கவேண்டாம். நிறையத் தண்ணீரால் விடாமல் கழுவுவதே சரி, கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே ஆசுபத்திரிக்கு.

கரைத்தபோது ஒரு விசயம் நடந்தது. கிணற்றுத் தண்ணீரில் காரத்தைப் போட்டதும் பால்போல் வெண்மையாய்க் கலங்கி, அடியில் மா படிந்தது. கொழும்புச் சரக்கில் கலப்படம் என்று மச்சான் முடிவுகட்டினார். இந்தக் கலங்கலுக்குப் பின்னால் திரும்பி வருகிறேன்.

ஸ்ரியறிக் ஏறத்தாழ 69 பாகை செல்சியசில் உருகும். அது ஏற்கெனவே அமிலமாக இருப்பதால், எண்ணெயைப்போல ஆறுதலாகச் சவர்க்காரமாக மாறாது. காரம் பட்ட அந்தக் கணமே மாறி, பிட்டுக்குக் குழைத்த மா போலக் கட்டி கட்டியாய்த் திரளும். புதிதாய்ச் செய்கிறவர் பழுதாகிவிட்டது என்று இந்த இடத்தில் கைவிடுவார். பழுதில்லை. மூடி, மெல்லிய சூட்டில், சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் வைத்து மரக்கரண்டியால் புரட்டிக்கொண்டிருந்தால் ஒரு மணித்தியாலம், ஒன்றரை மணித்தியாலத்தில் எல்லாம் ஒன்றாகி மினுங்கத் தொடங்கும். கிளிசரினைக் கடைசியில் விட்டு, சூடாறமுன் வாய் அகன்ற டப்பாக்களில் அமத்தி வைத்தார்.

மிஞ்சிய காரம் இருக்கிறதா என்று ஒரு துண்டை மதுசாரத்தில் கரைத்து, காரம் பட்டால் இளஞ்சிவப்பாகும் பினோத்தலின் விட்டுப் பார்த்தோம். நிறம் வரவில்லை.

பிழை எங்கே?

டப்பா பார்க்க அழகாக இருந்தது. பிரஷைச் சுற்றினால் நுரையும் எழும்பியது. ஆனால் ஒரு கன்னம் வழித்து மறுகன்னத்துக்குப் பிளேட் போகமுன் அந்தப் பக்கம் வற்றி, தோலில் வெள்ளைப் பொருக்காய் ஒட்டிக்கொண்டது. பிளேட் இழுத்தது. கழுவிய பிறகும் முகம் வழுவழுப்பாகவே இருந்தது, பேசினில் சாம்பல் வளையம் கட்டியது.

மச்சான் சந்தேகப்பட்டவற்றில் முதலாவது ஸ்ரியறிக். தூய ஸ்ரியறிக் ஒரு கிராமுக்கு 0.197 கிராம் பொற்றாசியம் ஐதரொட்சைட்டு வேண்டும். கடையில் விற்பது பெரும்பாலும் பாமிற்றிக் அமிலமும் கலந்தது, அதற்கு 0.208 வரை போகும். தூயதின் இலக்கத்தை வைத்துக் கணக்குப் பார்த்தால், நீங்கள் நினையாமலே கொழுப்பு மிஞ்சிவிடும், மிஞ்சிய கொழுப்பு நுரையை அமத்தும். இது நியாயமான சந்தேகம். அடுத்த காய்ச்சலில் திருத்தினார். கொஞ்சம் முன்னேற்றம், அவ்வளவுதான்.

பிறகு பொற்றாசியம் ஐதரொட்சைட்டு. வழமையாக அது 90 சதவீதத் தூய்மைதான், மிச்சத்தில் பெரும்பகுதி ஈரம். அதைத் தம்பியின் குறிப்பு ஏற்கெனவே கணக்கில் எடுத்திருந்தது. பிரஷையும் மாற்றிப் பார்த்தார். சிறிது காலம் காயவிட்டும் பார்த்தார். ஒன்றிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

முடிச்சு அவிழ்ந்தது நல்லூர்த் திருவிழாவுக்குத் தம்பி வந்தபோது. தான் செய்த டப்பா ஒன்றைச் சூட்கேசில் கொண்டுவந்திருந்தார். அண்ணனுக்குச் செய்துகாட்டலாம் என்று கிணற்றடியில் நின்று நுரைத்தார். அதுவும் வற்றியது. "அங்க இப்பிடி நடக்கிறேல்லையே" என்று டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திரும்பிப் போகும்போது கோண்டாவில் டப்பா ஒன்றைக் கொண்டுபோனார். ஒஸ்லோவில் அது பொங்கி வழிந்த காணொளி பிறகு வந்தது. இரண்டு சவர்க்காரமும் அங்கே வேலை செய்தன, இரண்டும் இங்கே செய்யவில்லை. எண்ணெய், காரம், கைப்பக்குவம் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் தள்ளிவைத்த சோதனை இது. திட்டமிட்டுச் செய்திருந்தாலும் இவ்வளவு சுத்தமாக அமைந்திருக்காது.

தண்ணீர்

நோர்வேயின் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் கடினமான பாறை நிலத்து ஏரிகளில் இருந்து வருவது. கல்சியம் மிகக் குறைவு, நல்ல மென்னீர். யாழ்ப்பாணக் குடாநாடோ சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை வைத்ததே அந்தக் கல்லை நம்பித்தான். வற்றாத ஆறு ஒன்று இங்கே இல்லை. மாரியில் பெய்கிற மழை கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கி நிலத்தடியில் தங்குகிறது, அதைத்தான் அள்ளிக் குடிக்கிறோம். மழைநீர் காபனீரொட்சைட்டோடு சேர்ந்து கல்லைக் கரைப்பதால் கல்சியம் இருகாபனேற்றாகக் கிணற்றுக்கு வந்துசேர்கிறது. கேத்திலுக்குள் படியும் வெள்ளைப் பொருக்கு அதுதான்.

காய்ச்சிய அன்று காரக்கரைசல் கலங்கியதும் அதனால்தான். காரத்தோடு சேர்ந்த இருகாபனேற்று கல்சியம் காபனேற்றாய் விழுந்திருக்கிறது. கொழும்புக் கடைக்காரர் நிரபராதி.

சவர்க்காரத்தின் சோடியத்தையும் பொற்றாசியத்தையும் கல்சியம் தள்ளிவிட்டு, தண்ணீரில் கரையாத கல்சியச் சவர்க்காரம் ஆகிவிடும் என்பது பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அந்த விளக்கம் மட்டும் இங்கே போதாது, கணக்குப் போட்டால் இடிக்கும். கிணற்று நீரின் வன்மை, அதாவது கல்சியம் காபனேற்றாகக் கணக்கிட்ட அளவு, லீற்றருக்கு 400 மில்லிகிராம் என்று வைப்போம் (180ஐத் தாண்டினாலே மிக வன்னீர் என்பார்கள்). ஒரு சவரத்துக்குப் பிரஷும் கிண்ணமுமாக 30 மில்லிலீற்றர் தண்ணீரும் ஒன்றரைக் கிராம் சவர்க்காரமும் போகிறது. அந்தத் தண்ணீரில் உள்ள கல்சியம் தின்னக்கூடியது சவர்க்காரத்தின் 7 அல்லது 8 சதவீதத்தைத்தான். மிச்சம் 90 சதவீதத்துக்கு மேல் அப்படியே இருக்கிறதே, பிறகேன் நுரை வற்றவேண்டும்?

நுரையைக் கெடுப்பது பிறந்துவிட்ட கல்சியம் ஸ்ரியறேற்றுத் துணிக்கைகள். அவை தண்ணீரை ஒட்டாதவை. குமிழியின் மெல்லிய படலத்துக்குள் புகுந்து நின்று அதைக் கிழித்துவிடும். தொழிற்சாலைகளில் நுரையை அடக்க இப்படிப்பட்ட நீர்வெறுக்கும் துணிக்கைகளை வேண்டுமென்றே போடுவார்கள். நாமோ நுரை வேண்டி, நுரை அடக்கியையும் அதே கிண்ணத்தில் தயாரித்துக்கொண்டிருந்தோம். குளிக்கும்போது இது பெரிதாய்த் தெரியாது, நுரை வந்ததும் ஊற்றிக் கழுவிவிடுவோம். சவரத்தில்தான் நுரை நின்று வேலை செய்யவேண்டும். போதாக்குறைக்கு, வன்னீருக்கு மிகவும் பயந்த ஸ்ரியறிக்கைத்தான் பாதிக்குப் பாதி போட்டிருக்கிறோம்.

சரிபார்க்க மழை இல்லை, ஆவணி மாதம். பற்றரிக்கு விடும் வடித்த நீர் ஒரு போத்தல் வாங்கினோம். ஒரே அளவு துருவல், இரண்டு கண்ணாடிப் போத்தல், ஒன்றில் வடித்த நீர், மற்றதில் கிணற்று நீர். குலுக்கி வைத்ததில் ஒன்று தெளிந்து மேலே நுரை கட்டி நின்றது. மற்றது தயிர்த்தண்ணியாய்த் திரிந்து, நுரை இறங்கிவிட்டது.

சலூன்காரர் சொன்னது

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட நெடுங்காலமாகச் சலூன் வைத்திருக்கும் ஐயா ஒருவரிடம் மச்சான் ஒரு டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் தன் பிளாஸ்கில் இருந்து சுடுதண்ணீர் விட்டு நுரைத்தார். நுரை நின்றது! மச்சானுக்கு நம்பமுடியவில்லை. "தம்பி, நான் பச்சைத் தண்ணி பாவிக்கிறேல்லை. காலமை கொதிக்க வைச்சு, அடைய விட்டு, மேல் தண்ணியை மட்டும் பிளாஸ்கில எடுக்கிறது. எங்கட அப்பரும் அப்பிடித்தான்" என்றார்.

கொதிக்கவைத்தால் இருகாபனேற்று உடைந்து கல்சியம் காபனேற்றாய் அடியில் படிந்துவிடும். தற்காலிக வன்மையை நீக்கும் முறை என்று நான் கரும்பலகையில் வருடாவருடம் எழுதுவதை அவர் தகப்பனிடம் கற்று, தொழிலில் வைத்திருக்கிறார். சுடுதண்ணீர் மயிரை இளக்கத்தான் என்று நாமெல்லாம் நினைத்திருந்தோம். அதுவும் உண்மைதான்.

அவர் இன்னொன்றும் காட்டினார். வழித்து முடித்துப் படிகாரக் கட்டியை நனைக்கும் கிண்ணத்தை நுரைக் கிண்ணத்தோடு கலக்கவிடமாட்டார். படிகாரத்தில் உள்ள அலுமினியமும் சவர்க்காரத்தை அதேபோலத் திரித்துவிடும். மச்சான் வீட்டில் இரண்டுக்கும் ஒரே கிண்ணம்தான் இருந்தது.

மாற்றிப் பார்த்தவை

முதலில் தேங்காய் எண்ணெயைக் கூட்டினார். தேங்காய் எண்ணெயில் கூடுதலாக உள்ள லோரிக் போன்ற குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலங்கள் வன்னீரையும் உப்புநீரையும் தாக்குப்பிடிக்கும். கடல்நீரில் குளிக்க மாலுமிகளுக்குச் செய்த சவர்க்காரம் தேங்காய் எண்ணெயில் ஆனதே. ஆகவே யோசனை சரி. நுரையும் கிணற்றுத் தண்ணீரில் நன்றாய் எழும்பியது. ஆனால் குமிழி பெருத்து, முகத்தில் நிற்காமல் வழிந்தது. வழித்த பிறகு தோல் இழுத்துப்பிடித்தது, கழுத்தடி எரிவு பழையபடி வந்தது. எரிவுக்குப் பயந்து தொடங்கிய வேலை என்பதால் இந்த வழியை விட்டோம். கொழுப்பின் கால்பங்குக்கு மேல் தேங்காய் எண்ணெய் போடவேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

அடுத்தது கல்சியத்தைக் கட்டிப்போடும் பொருள். கடைச் சவர்க்கார உறைகளில் இ.டி.ரி.ஏ. என்று சின்ன எழுத்தில் இருப்பது இதற்காகத்தான். மச்சான் சித்திரிக்கமிலத்தைத் தேர்ந்தார், கேக் சாமான் கடையிலேயே கிடைக்கும். அதைக் காரத்தோடு சேர்த்தால் சித்திரேற்று ஆகி, கல்சியத்தைப் பிடித்துவைக்கும். ஒன்றை மறக்கக்கூடாது: அமிலம் காரத்தைத் தின்னும். நீரற்ற சித்திரிக்கமிலம் 1 கிராமுக்கு 0.876 கிராம் தூய பொற்றாசியம் ஐதரொட்சைட்டு மேலதிகமாக வேண்டும். கூட்டாவிட்டால் சவர்க்காரம் கொழகொழத்துப் போகும்.

இதிலும் கணக்குப் பார்த்தோம். கொழுப்பின் 2 சதவீதம் சித்திரிக் போட்டால், ஒன்றரைக் கிராம் சவர்க்காரத்தில் வரும் சித்திரேற்று, 30 மில்லிலீற்றர் கிணற்று நீரின் கல்சியத்தில் ஏறத்தாழ 70 சதவீதத்தைத்தான் பிடிக்கமுடியும், அதுவும் முழுத்திறமையோடு வேலை செய்தால். அது அப்படிச் செய்யாது. ஆகவே சித்திரிக் மட்டும் போதாது. கொதித்தாறிய தண்ணீர் மட்டும் என்றால், கொதித்தாலும் போகாத நிரந்தர வன்மை மிஞ்சும். இரண்டும் சேர்ந்தபோதுதான் இரண்டு கன்னமும் வழித்து முடியும்வரை நுரை இருந்தது.

இப்போது காய்ச்சும் அளவு

ஸ்ரியறிக் 200 கிராம், தேங்காய் எண்ணெய் 100, இலுப்பெண்ணெய் 60, ஆமணக்கெண்ணெய் 40. ஒஸ்லோக் குறிப்பில் இலுப்பெண்ணெய்க்குப் பதில் ஷியா வெண்ணெய் இருந்தது, அதை இங்கே தேடி அலைவதில் பொருளில்லை. இலுப்பெண்ணெய்க்கு ஒரு வாடை உண்டு, காய்ந்ததும் அடங்கும். வேப்பெண்ணெய் போடலாமே என்று கேட்பவர்கள் ஒருமுறை மூக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்க்கட்டும்.

காரம்: 90 சதவீதப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டு 63 கிராம் (சித்திரிக்குக்கான மேலதிகமும் இதற்குள் அடக்கம்), சோடியம் ஐதரொட்சைட்டு 24 கிராம். வடித்த நீர் 200 கிராம். சித்திரிக்கமிலம் 8 கிராம், அந்த நீரில் முதலில் கரைத்து, பிறகு காரம். கடைசியில் கிளிசரின் 30 கிராம். எண்ணெயில் ஏறத்தாழ 3 சதவீதம் சவர்க்காரமாகாமல் மிஞ்சும்படி கணக்கு. இலத்திரனியல் தராசு இல்லாமல், கோப்பை கரண்டிக் கணக்கில் இதைச் செய்யவே கூடாது. கையிருப்பில் உள்ள ஸ்ரியறிக்கினதும் காரத்தினதும் பொதியில் என்ன இலக்கம் என்று பார்த்து மறுபடி கணக்கிடுவதும் கட்டாயம்.

செலவில் லாபம் என்று சொல்லமாட்டேன். தேங்காய் எண்ணெய் விற்கிற விலையும், கொழும்பில் இருந்து காரம் வருகிற கூலியும் சேர்ந்தால் கடைச் சரக்குக்குக் கிட்டத்தான் வருகிறது. கழுத்தடி எரிவு நின்றதுதான் மச்சானின் வரவு.

மிஞ்சிய விசயங்கள்

சித்திரிக் போட்ட டப்பாவும் ஒஸ்லோவுக்குப் போனது. அங்கே முந்தியதற்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று பதில் வந்தது. கட்டிப்போடக் கல்சியம் இல்லாத இடத்தில் அப்படித்தான் இருக்கும்.

காரைநகரில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவருக்குக் கொடுத்ததுதான் சரிவரவில்லை. கொதித்தாறிய தண்ணீரிலும் நுரை மெலிந்தே வருகிறது. அவருடைய கிணறு உவர். உப்பு கொதிக்கவைத்தால் போகாது, மேலும் செறியும். அது சவர்க்காரத்தைக் கரையவும் விடாது. அவருக்கு மாரியில் பீலியால் பிடித்த மழைத்தண்ணீரை ஒரு கானில் மூடிவைக்கும்படி சொல்லியிருக்கிறோம். ஒரு சவரத்துக்குப் பேணியில் பாதி போதும், ஒரு கான் பல மாதம் வரும்.

பழைய பிரஷ்களின் அடியில் கட்டியிருந்த வெள்ளைப் பொருக்கு வெறும் தண்ணீரில் போகாது. வினாகிரி ஒரு பங்குக்குச் சுடுதண்ணீர் ஆறேழு பங்கு கலந்து கொஞ்ச நேரம் ஊறவிட்டால் இளகிவிடும், பிறகு நன்றாக அலசித் தலைகீழாகத் தொங்கவிடவேண்டும். மச்சான் எறிய வைத்திருந்த பிரஷ் இப்படித்தான் திரும்பப் பாவனைக்கு வந்தது.